மருத்துவக் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறார். வீட்டில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கிளினிக்குக்குப் போகும் முந்தைய வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே அழுத்தம் பார்த்து அதில் எழுதுங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே தேநீர் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். தொங்கினால் அளவு கூடும். கைப்பட்டை சின்னதாக இருந்தாலும் கூடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி எடுங்கள். அது 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் அவசியம் காட்டுங்கள்.

மாத்திரைகளையெல்லாம் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூலிகைப் பொடி, கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட. பலரும் சொல்லாமல் விடுவது இதைத்தான். இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அம்மா அதைச் சாப்பிடுவது தெரியாத டாக்டர் இன்னொரு அழுத்த மாத்திரை சேர்த்துவிடுவார்.

எழுந்து வருமுன் அம்மா தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும்: "சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலையும் இரவும் சாப்பாட்டோடு, சரிதானே?" தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தலையாட்டினால் யாருக்கும் தெரியாது. கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் தயங்குகிறார்கள், தயங்கவே வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 2003 தேசிய சுகாதாரச் சட்டம், பிரிவு 6, சிகிச்சை வழிகள், அவற்றின் நன்மை, ஆபத்து, செலவு எல்லாவற்றையும், இயன்றவரை நோயாளிக்குப் புரியும் மொழியிலேயே, சொல்ல வேண்டும் என்கிறது. அம்மா சம்மதித்தால் நீங்களும் உள்ளே கூடவே போய் உட்காருங்கள்.

கேள்வி: சென்னையில் அத்தைக்குச் சர்க்கரை 140 என்கிறார்கள். எனக்கு இங்கே 7.8. எனக்குக் குறைவுதானே?
- வாசகர், பீனிக்ஸ், டர்பன்

பதில்: இரண்டும் ஒரே அளவுதான். அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் என்ற வேறு அலகு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். வெறும் வயிற்றில் பார்த்ததா, சாப்பிட்ட பிறகா என்பதையும் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் 7.8-ஐ வைத்து டாக்டரால் எதுவும் முடிவு செய்ய முடியாது.