பிரெக்சிட்டுக்குப் பிறகு எடின்பரோ, கார்டிஃப், பெல்ஃபாஸ்ட்: கேள்வி பதில்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று 2016 ஜூன் 23 அன்று வாக்களித்தது. 2020 ஜனவரி 31 இரவு விலகியது. அந்த ஆண்டு முடியும்வரை பழைய விதிகளே ஓடின. சொந்தச் சட்டமன்றம் வைத்திருக்கும் ஸ்காட்லாந்து (தலைநகர் எடின்பரோ), வேல்ஸ் (கார்டிஃப்), வட அயர்லாந்து (பெல்ஃபாஸ்ட்) மூன்றுக்கும் இதனால் என்ன ஆனது என்று வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

ஸ்காட்லாந்தில் 62 விழுக்காடு பேர் ஒன்றியத்தில் இருப்போம் என்றார்கள். வட அயர்லாந்திலும் 55.8. பிறகு எப்படி அவர்களையும் வெளியே கொண்டுபோக முடிந்தது? நம் ஊர் மாநிலப் பட்டியல் மாதிரி அங்கே எதுவும் இல்லையா சார்? (மாணவி, மதுரை)

வாக்கை நாடு முழுவதற்கும் சேர்த்தே எண்ணினார்கள். விலகலுக்கு 51.9 விழுக்காடு கிடைத்தது. பகுதிவாரியாகத் தனித்தனிப் பெரும்பான்மை வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. வெளிநாட்டு ஒப்பந்தங்கள் வெஸ்ட்மின்ஸ்டரின், அதாவது லண்டனில் இருக்கும் மத்திய அரசு, நாடாளுமன்றத்தின் அதிகாரம்.

பட்டியல் அங்கேயும் உண்டு, பூட்டுத்தான் இல்லை. பகுதிச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் அதன் ஒப்புதல் இல்லாமல் வெஸ்ட்மின்ஸ்டர் ‘வழக்கமாக’ச் சட்டம் இயற்றாது என்று ஒரு மரபு. சூவெல் மரபு என்பார்கள். 2016ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இதை எழுத்திலேயே சேர்த்தார்கள், அந்த ‘வழக்கமாக’வையும் விடாமல். 2017 ஜனவரியில், விலகலை எப்படித் தொடங்குவது என்பது பற்றிய மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் இந்த விஷயத்தில் ஒரே குரலில் சொன்னது: இது அரசியல் மரபு, இதைக் காப்பாற்றித் தருவது நீதிமன்றத்தின் வேலை இல்லை. 2020 ஜனவரியில் விலகல் ஒப்பந்தச் சட்டத்துக்கு மூன்று சட்டமன்றங்களும் ஒப்புதல் மறுத்தன. சட்டம் நிறைவேறியது.

விவசாயம், மீன்பிடி, சுற்றுச்சூழல் எல்லாம் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸிலிருந்து திரும்பி வந்தனவே. அப்படியென்றால் எடின்பரோவுக்கும் கார்டிஃபுக்கும் அதிகாரம் கூடியிருக்க வேண்டும் அல்லவா?

காகிதத்தில் கூடியது. நடைமுறையில் 2020ஆம் ஆண்டின் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் அதில் பாதியை உறிஞ்சிவிட்டது. விலகலைவிட இந்தச் சட்டம்தான் அதிகாரப் பகிர்வை அதிகம் மாற்றியது என்பது என் கணிப்பு.

அது வேலை செய்யும் விதம் இது. இங்கிலாந்தில் சட்டப்படி விற்கக்கூடிய பொருளை, ஸ்காட்லாந்தின் விதிக்குப் பொருந்தாவிட்டாலும் ஸ்காட்லாந்தில் விற்கலாம். எடின்பரோ போடும் விதி ஸ்காட்லாந்தில் தயாராகும் பொருளையும் நேராக அங்கே இறக்குமதியாகும் பொருளையும் மட்டும் கட்டுப்படுத்தும், பிரிட்டனின் மற்ற பகுதிகளிலிருந்து வரும் சரக்கைத் தொடாது. எதிர்த்திசையிலும் விதி இதேதான் என்றாலும், மக்கள்தொகையில் ஏறக்குறைய 84 விழுக்காடு இங்கிலாந்தில் இருக்கும்போது எந்தத் தராசுத் தட்டு தாழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தின் பாட்டில் திட்டம் இதற்கு நேரடி உதாரணம். பானம் வாங்கும்போது 20 பென்ஸ் முன்பணம், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். பிளாஸ்டிக், டின், கண்ணாடி மூன்றும் அதில் அடக்கம். குப்பை மேலாண்மை பகுதி அதிகாரம்தான், ஆனால் திட்டம் ஓட உள்நாட்டுச் சந்தைச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும். 2023 மே மாதம் லண்டன் விலக்குத் தந்தது, கண்ணாடியை விட்டுவிட்டு. கண்ணாடியும் உண்டு என்று கணக்குப் போட்டு எந்திரங்களையும் தொழிற்கூடங்களையும் திட்டமிட்ட நிறுவனங்களின் வரவு செலவு உடைந்தது. அடுத்த மாதமே எடின்பரோ திட்டத்தைத் தள்ளிவைத்தது. வேல்ஸும் கண்ணாடி வேண்டும் என்று நின்று, 2024 நவம்பரில் நாடு முழுவதற்குமான பொதுத் திட்டத்திலிருந்து வெளியேறியது.

சரக்குச் சோதனை எல்லையைப் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடலில் ஏன் போட்டார்கள்? ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவில் தரையில் போட்டிருக்கலாமே?

அந்தத் தரை எல்லை சுமார் 500 கிலோமீட்டர். கடக்கும் சாலைகள் 200க்கு மேல். சில சாலைகள் ஒரே பயணத்தில் இரண்டு மூன்று முறை எல்லையைத் தாண்டும். பல ஆண்டு ஆயுத மோதலை முடித்துவைத்த 1998 ஏப்ரல் 10 பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்த ராணுவச் சாவடிகளைப் பிரித்தெடுத்தார்கள். மறுபடி ஒரு சாவடியைக் கட்டினால் அது ஆயுதக் குழுக்களுக்கு முதல் குறியாகும் என்று காவல்துறையே எச்சரித்தது.

வியாபாரமும் தீவு முழுவதும் பின்னிக் கிடக்கிறது. வட அயர்லாந்தில் கறக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதப்படுத்தத் தெற்கே போகிறது. டப்ளினில் காய்ச்சும் கின்னஸ், டேங்கர் லாரியில் பெல்ஃபாஸ்டுக்கு வந்து டின்னில் அடைபட்டுத் திரும்புகிறது. அதனால் சரக்கு விஷயத்தில் மட்டும் வட அயர்லாந்து ஒன்றியத்தின் விதியில் நின்றது. சோதனை பிரிட்டன் கரைக்கும் அதற்கும் நடுவே வந்தது. சேவைகளுக்கு இது பொருந்தாது. மதிப்புக் கூட்டு வரியிலும் அப்படியே: பொருளுக்கு ஒன்றிய விதி, சேவைக்கு பிரிட்டன் விதி.

அண்ணை, பெல்ஃபாஸ்டிலை பலசரக்குக் கடை வைச்சிருக்கிறம். லண்டன் மொத்த வியாபாரியிட்டை தயிர், பனீர், தேயிலை, பிஸ்கட் எடுக்கிறனாங்கள். முந்தி லொறியும் பில்லும் காணும். இப்ப என்னென்ன பதிவு வேணும், எங்கை பிழைக்கும்?

2023 பிப்ரவரி 27 அன்று பிரிட்டனும் ஒன்றியமும் அறிவித்த விண்ட்சர் உடன்பாட்டின்படி, அந்த அக்டோபர் முதல் இரண்டு தடங்கள். வட அயர்லாந்திலேயே விற்றுத் தீரும் சரக்குக்குப் பச்சைத் தடம். அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடிய சரக்குக்குச் சிவப்பு.

முதலில் எக்ஸ்ஐ என்று தொடங்கும் இயோரி எண் (சுங்கப் பதிவு எண்) எடுங்கள். ஜிபி என்று தொடங்கும் எண் மட்டும் போதாது. அடுத்தது யுகிம்ஸ் அனுமதி, அதாவது உள்நாட்டுச் சந்தைத் திட்டம். சரக்கு கடைசி நுகர்வோரிடம் பிரிட்டனுக்குள்ளேயே போய்ச் சேரும் என்று நீங்கள் தரும் உறுதிமொழி அது. இருந்தால் ஒன்றியச் சுங்கவரி இல்லை, தகவல் படிவமும் சுருங்கும். மூன்றாவது, உணவுக்கான சில்லறைப் போக்குவரத்துத் திட்டம். இதில் நீங்கள் பதிந்தால் மட்டும் போதாது, லண்டன் வியாபாரியும் பதிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான்: சிறிய மொத்த வியாபாரிகள் ‘உங்கள் பக்கம்தானே சோதனை’ என்று இருந்துவிடுகிறார்கள்.

பிறகு லேபிள். ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’ என்ற வாசகம் 2023 அக்டோபரில் இறைச்சிக்கும் பாலுக்கும் வந்தது, 2024 அக்டோபரில் எல்லாப் பால் பொருளுக்கும், 2025 ஜூலையில் மீன், காய், பழம் வரைக்கும். உங்கள் தயிருக்கும் பனீருக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் அது வேண்டும். தேயிலை, பிஸ்கட் போன்ற கெடாத சரக்குக்குத் தேவையில்லை.

கலப்பு லொறிதான் பெரிய ஆபத்து. பத்துப் பேருடைய சரக்கு ஒரே வண்டியில் வரும்போது ஒருவருடைய பனீர்ப் பெட்டியில் லேபிள் இல்லையென்றால் மற்ற ஒன்பது பேரும் துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும். குளிர்ச் சரக்கைத் தனியாக ஏற்றும் வண்டிக்காரரைப் பிடியுங்கள், வாடகை கூடினாலும்.

எல்லைக்குத் தெற்கே, அயர்லாந்துக் குடியரசின் டண்டாக்கில் இருக்கும் சொந்தக்காரர் கடைக்கு ‘இரண்டு பெட்டிதானே’ என்று அனுப்பினால் உறுதிமொழியை மீறியதாகும், அனுமதியே பறிபோகலாம். அதற்கு உரிய வழி சிவப்புத் தடம்: முழுச் சுங்கப் படிவம், பால் பொருளுக்கு அரசு ஏற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ்.

இந்த விதிகளைப் பற்றி பெல்ஃபாஸ்ட் சட்டமன்றத்துக்குச் சொல்ல ஏதாவது உரிமை உண்டா?

இரண்டு உண்டு. ஒன்று, தொடரலாமா என்ற வாக்கெடுப்பு. 2024 டிசம்பர் 10 அன்று 48க்கு 36 என்று தொடர முடிவானது. வெறும் பெரும்பான்மை என்றால் நான்கு ஆண்டு, இரு சமூகத் தரப்பின் ஆதரவும் கிடைத்தால் எட்டு. பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் யாரும் ஆதரிக்காததால் நான்குதான். மற்றது, சட்டமன்றம் இருக்கும் இடத்தின் பெயரால் வந்த ஸ்டோர்மன்ட் பிரேக்: 90 உறுப்பினர்களில் குறைந்தது இரண்டு கட்சியைச் சேர்ந்த 30 பேர் கையெழுத்திட்டு, ஒன்றியத்தின் திருத்த விதி ஒன்றை நிறுத்தும்படி லண்டனைக் கேட்கலாம். மிதியைச் சட்டமன்றம் மிதிக்கலாம், ஆனால் அது பிடிக்குமா என்பது லண்டன் அமைச்சர் கையில்.

இந்தத் தகராறில் யூனியனிஸ்டுகளின் டியுபி கட்சி வெளியேறியதால் 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரை இரண்டு ஆண்டு அங்கே முழுமையாக இயங்கும் அமைச்சரவையே இல்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேல்ஸுக்கு ஒன்றியம் அள்ளிக் கொடுத்ததே, அந்தப் பணம் என்ன ஆயிற்று?

மேற்கு வேல்ஸும் தெற்கு வேல்ஸின் பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்குகளும் தலைக்குரிய உற்பத்தியில் ஒன்றியச் சராசரியின் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்ததால் உச்ச அளவு உதவி பெற்றன. 2014-20 சுற்றில் வேல்ஸுக்கு ஏறக்குறைய 200 கோடி பவுண்டு. அதே பள்ளத்தாக்கில் இருக்கும் பிளைனோ குவென்ட் 62 விழுக்காட்டோடு விலகல் பக்கம் நின்றது, வேல்ஸிலேயே அதிகம்.

மாற்றாக வந்தது பகிர்ந்த வளமை நிதி: 2022-25க்கு வேல்ஸுக்கு 58.5 கோடி பவுண்டு. இது குறைவு என்றது கார்டிஃப். பழைய ஒன்றியப் பணத்தின் வால் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, இரண்டையும் கூட்டிப் பாருங்கள் என்றது லண்டன். தொகைச் சண்டையைவிட முக்கியம், பணம் வந்த பாதை. முன்பு ஏழாண்டுத் திட்டத்தைக் கார்டிஃப் நிர்வகித்தது. மாற்று நிதியை உள்நாட்டுச் சந்தைச் சட்டத்தின் 50ஆம் பிரிவைப் பிடித்து லண்டன் நேராக உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. 22 மன்றங்களுக்குப் பிரித்து, மூன்றாண்டுக் கெடு. பள்ளத்தாக்கு முழுவதற்குமான தொழிற்பயிற்சியையோ பல்கலைக்கழக ஆய்வையோ அந்த அளவுக்குள் அடைக்க முடியவில்லை. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே ஒப்பந்த ஊழியர்கள் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார்கள்.

விவசாயம் வேறு கதை, அங்கே அதிகாரம் உண்மையாகவே கார்டிஃப் கைக்கு வந்தது. பண்ணை நிலத்தில் 10 விழுக்காடு மரம் இருந்தால்தான் மானியம் என்று யோசனை வைத்தார்கள். 5,500 வேலை போகும் என்று ஒரு கணிப்பு வந்ததும், 2024 மார்ச்சில் விவசாயிகள் சட்டமன்றப் படிகளில் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸை வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. பிரசல்ஸைத் திட்டிக்கொண்டிருந்த காலம் போய், திட்டு வாங்குவது கார்டிஃப் ஆனது.

மீன்பிடி பகுதி அதிகாரம் என்கிறீர்கள். பிறகு ஏன் வேல்ஸ் மசல் சிப்பிக்காரர்கள் நொடித்தார்கள்?

பிடிப்பது பகுதி அதிகாரம், விற்பது வெளிநாட்டு வணிகம். மெனாய் நீரிணையின் சிப்பி ‘பி’ வகை நீரில் வளர்வது. அதாவது, 100 கிராம் சதையில் ஈ. கோலை கிருமி ‘ஏ’ வகைக்கான 230 என்ற வரம்பைத் தாண்டும். ஒன்றியத்துக்குள் இருந்தபோது அதை அப்படியே டன் கணக்கில் ஏற்றி அனுப்பினார்கள், வாங்கும் நாட்டில் சுத்திகரித்தார்கள். வெளிநாடாக ஆனதும், சுத்திகரித்தபின்தான் அனுப்பலாம் என்றானது. அதற்குச் சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் 42 மணி நேரம் வைக்க வேண்டும். ஒரு லாரிச் சுமைக்கான தொட்டி அங்கே இல்லை, வைத்து எடுத்தாலும் சிப்பியின் ஆயுள் வழியிலேயே குறைந்துவிடும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் வட அயர்லாந்தின் டெர்ரி மருத்துவமனையில் நர்சாக இருக்கிறேன். எல்லையில் சோதனையே இல்லை. அயர்லாந்துக் குடியரசின் லெட்டர்கென்னிக்குக் கடைக்குப் போய்வரலாமா?

விசா இல்லாமல் போகக் கூடாது. இரு நாட்டுக்கும் இடையே தடையின்றிப் போய்வரும் ‘பொதுப் பயணப் பகுதி’ உரிமை பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு. உங்கள் பிரிட்டன் வேலை விசா தெற்கே செல்லாது, ஐரிஷ் விசா வேண்டும். இது பிரெக்சிட்டுக்கு முன்பும் இப்படித்தான். சாவடி இல்லாவிட்டாலும் பேருந்தில் ஐரிஷ் காவல்துறை ஏறிப் பாஸ்போர்ட் கேட்பது உண்டு. சிக்கினால் அடுத்த விசா விண்ணப்பத்தில் அதையும் எழுத வேண்டிவரும்.

நாடு விலகி, பகுதி மட்டும் உள்ளே இருக்க முடியாதா?

தலைகீழாக நடந்திருக்கிறது. டென்மார்க் உள்ளே இருக்க, அதன் தன்னாட்சிப் பகுதியான கிரீன்லாந்து 1982இல் வாக்கெடுப்பு நடத்தி 1985 பிப்ரவரி 1 அன்று வெளியேறியது. தன் கடலில் மற்ற நாட்டு இழுவைக் கப்பல்கள் மீன் பிடித்ததுதான் முக்கியக் காரணம். நாடு வெளியேறி, பகுதி மட்டும் உள்ளே தங்கியதில்லை; உறுப்பினராக ஒரு நாடுதான் இருக்க முடியும். 2016 டிசம்பரில் ஸ்காட்லாந்து, குறைந்தது ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையிலாவது எங்களை விடுங்கள் என்று அறிக்கை வைத்தது, லண்டன் ஏற்கவில்லை. பிறகு வட அயர்லாந்துக்குச் சரக்கு அளவில் அதில் பாதி கிடைத்தது. கிரீன்லாந்துக்கோ இன்னும் வசதி: ஒன்றியக் கப்பல்களுக்கு மீன் ஒதுக்கீடு தருகிறது, அதற்குப் பணம் வாங்குகிறது, அதன் இறால் ஒன்றியச் சந்தைக்குச் சுங்கவரி இல்லாமல் போகிறது. பேரம் பேச அதனிடம் சொந்த மீன் இருந்தது.