டெல்நெட்டில் வரி முடியும் இடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆலையில் உள்ள பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளுடன் டெல்நெட் (தொலைவிலுள்ள கருவிக்கு வலைப்பின்னல் வழியாக எழுத்துக் கட்டளைகளை அனுப்பும் நெறிமுறை) வழியாகப் பேசும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியுள்ளேன். பயனர் பெயரை அனுப்பியதுமே, கடவுச்சொல்லை அனுப்புவதற்கு முன்பாகவே, கருவி அனுமதி மறுத்துவிடுகிறது. லினக்ஸ் கணினியின் டெல்நெட் கட்டளையில் அதே விவரங்களைக் கையால் தட்டினால் உள்ளே விடுகிறது. ஏன்?

பதில்: உங்கள் நிரல் பெயருக்குப் பின்னால் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளை அனுப்புகிறது என்று கருதுகிறேன். 13 என்பது கேரேஜ் ரிட்டர்ன், 10 என்பது லைன் ஃபீட். கருவி 13-ஐ ஒரு என்டராகவும் 10-ஐ இன்னொரு என்டராகவும் எடுத்துக்கொண்டால், பெயர் முடிந்த கையோடு வெற்றுக் கடவுச்சொல்லும் போய்ச் சேர்ந்துவிடும். கையால் தட்டும்போது இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், லினக்ஸில் வழக்கமாகக் கிடைக்கும் டெல்நெட் நிரல், எழுத்தெழுத்தாக அனுப்பும் நிலையில், என்டருக்கு 13, 0 (0 என்பது எந்த எழுத்தையும் குறிக்காத வெற்று பைட்) என்ற இணையையே இயல்பாக அனுப்புகிறது என்பதுதான்.

இரண்டு பைட்டுகள் ஏன் என்ற கேள்விக்கு விடை தொலைத்தட்டச்சு இயந்திரங்களில் இருக்கிறது. 1963இல் வந்த டெலிடைப் 33 நொடிக்கு 10 எழுத்துகள் அச்சிடும்; அச்சுத் தலை வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப ஓர் எழுத்துக்குரிய நேரம் போதாது. ஆகவே திரும்பும் கட்டளை முதலில் போகும். தாளை ஒரு வரி ஏற்றும் கட்டளை அதன் பின்னால் வந்து, தலை திரும்புவதற்கான அவகாசத்தையும் தரும். ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் 1983 மே மாதம் எழுதிய ஆர்.எஃப்.சி. 854 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்த வழக்கத்தையே டெல்நெட்டின் விதியாக்கியது. புதிய வரிக்கு 13, 10. வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப மட்டும் 13, 0. இவை இரண்டுமன்றி 13 தனித்து வரக் கூடாது. என்டரைக் குறிக்க 13, 10 வந்தாலும் 13, 0 வந்தாலும் சர்வர் ஒரே பொருளில் ஏற்க வேண்டும் என்று 1989இல் ஆர்.எஃப்.சி. 1123 தெளிவுபடுத்தியது.

ஆகவே தவறு கருவியினுடையது. ஆனால் ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் மென்பொருளை நீங்கள் மாற்ற இயலாது என்பதால், உங்கள் நிரலில் 13, 0 என்று அனுப்பிப் பாருங்கள். விதிக்கு உட்பட்ட வழி அதுவே. அந்த 0-ஐயும் கடவுச்சொல்லின் முதல் எழுத்தாகச் சேர்த்துக்கொள்ளும் கருவியாக இருந்தால், 13 மட்டும் அனுப்புவது தவிர வேறு வழியில்லை. அதைப் பொது வழக்கமாக்கிவிடாமல், அந்தக் கருவிக்கு மட்டுமான அமைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வருகிற தரவில் 13, 10 இணை எங்கிருந்தாலும் அதை 10 ஆக மாற்றிவிட்டுப் பதிவுக் கோப்பில் எழுதுகிறேன். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. சில வரிகளின் முடிவில் மட்டும் 13 அப்படியே தங்கிவிடுகிறது.

பதில்: டெல்நெட்டின் தரவைச் சுமந்து வரும் டி.சி.பி. என்ற இணைய நெறிமுறை தருவது பைட்டுகளின் தொடர்ச்சியை மட்டுமே. எந்த இடத்தில் வெட்டித் தருவது என்பதில் அது எந்த உறுதியும் அளிப்பதில்லை. 79, 75, 13 ஆகியவை ஒரு வாசிப்பிலும் 10, 62 ஆகியவை அடுத்த வாசிப்பிலும் வந்தால், உங்கள் தேடல் அந்த இணையை இரண்டு இடத்திலும் காணாது. "கடைசியாக வந்தது 13" என்ற ஒரே ஒரு நினைவை வாசிப்புகளுக்கு இடையே வைத்திருந்து, அடுத்த பைட் 10 ஆனால் புதிய வரி என்றும், 0 ஆனால் வரியின் தொடக்கத்துக்குத் திரும்புதல் என்றும் முடிவு செய்யுங்கள்.

அந்த 0-ஐக் குப்பை என்று எண்ணிவிட வேண்டாம். சதவீதத்தை ஒரே வரியில் மேலெழுதிக் காட்டும் கருவிகள் இதைத்தான் அனுப்புகின்றன. புதிய வரியாகக் கொண்டால் ஒவ்வொரு சதவீதமும் ஒரு வரியாகிப் பதிவுக் கோப்பு வீங்கும். திரையில் காட்டும் நிரலுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை: 13 வந்தவுடன் கர்சரை இடப்பக்கம் நகர்த்தலாம், 10 வந்தால் கீழே இறக்கலாம், 13-ஐத் தொடரும் 0-ஐ விட்டுவிடலாம்.

இந்த வேலைகளின் வரிசையும் முக்கியம். 255 என்ற பைட்டில் தொடங்கும் டெல்நெட் கட்டளைகளை முதலில் பிரித்தெடுங்கள்; 255 இருமுறை வந்தால் அது தரவாகிய ஒரே 255. எஞ்சியதில்தான் வரி முடிவைப் பார்க்க வேண்டும். ஆர்.எஃப்.சி. 856 வகுத்த, பைட்டுகளை உள்ளபடியே அனுப்பும் பைனரி நிலைக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டால் வரி முடிவு மாற்றம் எதுவும் செய்யக் கூடாது. செய்தால், அனுப்பும் கோப்பில் 13-ஐத் தொடரும் 0 எல்லாம் காணாமல் போகும். 255-ஐ இரட்டிக்கும் விதி மட்டும் அப்போதும் நீடிக்கும். ஒவ்வொரு திசைக்கும் இந்த ஒப்புதல் தனித்தனி என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கேள்வி: டெல்நெட்டுக்குப் பதிலாக, மறையாக்கத்துடன் இயங்கும் எஸ்.எஸ்.ஹெச். பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லைதானே? ஆனால் சில சமயம் என் திரையில் வரிகள் படிக்கட்டுப் போல இறங்குகின்றன.

பதில்: எஸ்.எஸ்.ஹெச். பைட்டுகளை மாற்றாமல் சேர்க்கிறது. 10-ஐ 13, 10 ஆக்குவது தொலைக் கணினியில் உள்ள டெர்மினல் இயக்கி. முழுத்திரை நிரல் ஒன்று அந்த மாற்றத்தை நிறுத்திவைத்து, மீட்டுத்தராமல் பாதியில் முறிந்தால், கர்சர் கீழே இறங்குமே தவிர இடப்பக்கம் திரும்பாது. அப்போது என்டர் விசையின் 13-ம் 10 ஆக மாறாமல் போகக்கூடும். எனவே "எஸ்டிடிஒய் சேன்" (stty sane) கட்டளையைத் தட்டிவிட்டு, என்டருக்குப் பதிலாகக் கன்ட்ரோலையும் ஜே விசையையும் சேர்த்து அழுத்துங்கள். அது 10-ஐ நேரடியாக அனுப்பும்.