ஊர் திரும்புகிறவர்கள் கேட்ட கேள்விகள்

பினாங்கில் ஒரு தையல் கூடத்தில் 11 வருடம் வேலை செய்தவள் நான். மகளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது, பர்மாவில், ரங்கூன் தாமுவேயில் என் அம்மாவிடம் அவளை விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் முதலில் என்னிடம்தான் வந்து உட்காருவார்கள். இந்த முறை தூரத்திலிருந்தும் பலர் கேட்டிருக்கிறீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நான் போகும்போது மகன் கைக்குழந்தை. ஆறு வருடம் கழித்து அடுத்த மாதம் வருகிறேன். வீடியோவில் பேசும்போது என்னை "ஊலே" என்று கூப்பிடுகிறான். மனம் நொந்துபோகிறது. வந்ததும் எப்படிப் பழகுவது?

தம்பி, பர்மியப் பிள்ளைகள் மாமா, சித்தப்பா வயதுள்ள ஆண்கள் எல்லோரையும் ஊலே என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவில் கேட்டுப் பழகிய சொல்லை உங்களுக்கும் மரியாதையாகத் தருகிறான். நான் முதல் விடுமுறையில் வந்தபோது என் மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பாட்டி, ஒரு டோடோ வந்திருக்கிறார்" என்றாள். டோடோ என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண். அவளுக்கு வாங்கி வந்த செருப்பு இரண்டு விரல் குட்டை. பழைய போட்டோவைப் பார்த்து அளவு வாங்கியிருந்தேன். அன்றிரவு அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவனைப் பிடித்து இழுத்து மடியில் வைக்காதீர்கள். "அப்பா என்று சொல்" என்று யாரும் வற்புறுத்த வேண்டாம், உங்கள் அம்மாவும்கூட. தினமும் ஒரு வேலையை மட்டும் உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். காலையில் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் வாங்கப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுங்கள், சரியான நேரத்துக்குப் போய் அழைத்து வாருங்கள். சொன்ன நேரத்தில் வாசலில் நிற்கிற ஆளைத்தான் பிள்ளை நம்பும். அவனுக்குத் தமிழ் தடுமாறினால் மனைவியைக் கடிந்துகொள்ளாதீர்கள். பள்ளிக்கூடமும் விளையாட்டும் பர்மிய மொழியில் இருக்கும்போது அவள் ஒருத்தி என்ன செய்வாள்? இரவில் படுத்துக்கொண்டு நீங்கள் தமிழில் கதை சொல்லுங்கள். அளவு பார்க்காமல் எதையும் வாங்கி வராதீர்கள்.

தட்டோனிலிருந்து ஒரு தங்கை: கணவர் ஒன்பது வருடம் கழித்து வந்துவிட்டார். வந்த மூன்றாம் நாளே அனுப்பிய பணத்துக்கெல்லாம் கணக்குக் கேட்கிறார். என் மேல் சந்தேகமோ என்று தோன்றுகிறது.

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவர் பக்கத்தையும் பார்க்கிறேன். வெயிலிலும் இரவு ஷிப்டிலும் தேய்ந்து சம்பாதித்த மனிதர், ஒரு பெரிய வீட்டை மனத்தில் கட்டி வைத்திருப்பார். வந்து பார்த்தால் அதே தகரக் கூரை. பணம் அரிசியாகவும் மருந்தாகவும் பள்ளிச் செலவாகவும் போனது அவர் கண்ணுக்குத் தெரியாது. நம் கியாட் பணத்தின் மதிப்பு விழுந்ததில் கரைந்ததும் தெரியாது.

கணக்கு இருந்தால் நீங்களாகவே எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் நினைவிலிருந்து வருடத்துக்கு ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்குக் காய்ச்சல், எந்த மழையில் சுவர் விழுந்தது, எப்போது நகை அடகுக்குப் போனது என்று. அதைப் படித்தால் நீங்கள் இருந்த ஒன்பது வருடம் அவருக்குத் தெரியும். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: முதல் ஒரு மாதம் விருந்தாளியாக இருங்கள். சாவி எங்கே தொங்குகிறது, கடைக்காரரிடம் கடன் எப்படி நடக்கிறது, மாமியாருக்கு எந்த வேளை மாத்திரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கைவையுங்கள். வந்ததும் வராததுமாக வீட்டை மாற்றி அமைத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் ஆறு மாதத்தில் மறுபடி ஏஜென்ட் வாசலில் நின்றார்கள்.

ஜொகூரிலிருந்து ஒருவர்: திரும்பும்போது பணம், காகிதங்கள் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மலேசியாவில் 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது. உங்கள் சம்பளத்தில் 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம். நாட்டை விட்டுப் போகிறவர் எடுத்துக்கொள்ள வழி உண்டு. அங்கே இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள், இங்கே வந்தபின் அலைச்சல்தான். 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் கையில் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக் குடும்பப் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் சொந்த வீட்டில் தங்கினாலும் விருந்தாளியாகத்தான் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டியிருக்கும். 2016இல் நீக்கப்பட்ட அந்த விதி 2021 பிப்ரவரியில் திரும்ப வந்துவிட்டது. கையில் ஒரு சார்ஜ் விளக்கும் கொண்டுவாருங்கள், கரண்ட் முறைவைத்துத்தான் வருகிறது.

பெகுவிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 24 வயது, மலேசியாவில் இருக்கிறான். கல்யாணத்துக்கு வரச் சொல்லலாமா?

அம்மா, கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் அதில் வருகிறார்கள். வந்தபின் மறுபடி வேலைக்கு வெளியே போவதும் ஆண்பிள்ளைகளுக்கு எளிதாக இல்லை. போனில் அழுது அவனை வரவழைத்துவிடாதீர்கள். எல்லாம் தெரிந்து அவனே முடிவு செய்யட்டும். கல்யாணம் காத்திருக்கும்.

சென்னையிலிருந்து ஒரு பெரியவர்: அம்மா, நான் பிறந்தது மோல்மேன். 1965இல், ஏழு வயதில், அப்பா எங்களைக் கப்பலில் அழைத்து வந்தார். மூத்த அண்ணன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். இப்போது அவருக்கு 80 வயது. பிறந்த ஊருக்கு வர எனக்கு விசா வேண்டுமா? அண்ணனுக்கு அப்பா மேல் கோபம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

ஐயா, விசா வேண்டும். 1982 குடியுரிமைச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்த நாட்டுக் குடிமகனாக இருக்க முடியாது, இழந்ததை மறுபடி கேட்கவும் முடியாது. பிறந்த மண்ணில் சுற்றுலாப் பயணி என்று எழுதிக் கொடுப்பது உங்களுக்கு வலிக்கும். எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சாலை நிலவரத்தை மட்டும் அண்ணன் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள்.

நீங்கள் போன காலத்தில் ரயில் மொட்டமாவோடு நின்றுவிடும். அங்கிருந்து படகில்தான் மோல்மேனுக்கு ஆற்றைக் கடப்பார்கள். அந்தப் படகு உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2005இல் தன்லுவின் ஆற்றின் மேல் பாலம் திறந்துவிட்டார்கள், இப்போது பஸ்ஸிலேயே ஊருக்குள் வந்துவிடலாம்.

அண்ணனின் கோபத்தைப் பற்றி: 1964 மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கடைகளை அரசு எடுத்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் குடும்பத் தலைவர்கள் எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று அவர்களுக்கே தெளிவு இருந்திருக்காது. அண்ணனுக்கு அப்போது இருபது வயது. தங்குவதாக அவரே சொன்னாரோ, அப்பா சொன்னாரோ, அது அவருக்குத்தான் தெரியும். கேளுங்கள். கோபம் இருந்தால் கொட்டட்டும், குறுக்கே பேசாதீர்கள். அப்பாவின் கடைசிக்கால போட்டோ ஒன்றைப் பெரிதாக்கி எடுத்து வாருங்கள். அப்பா கிழவரானதை அவர் பார்த்ததே இல்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தங்கை: அக்கா, என் அம்மா இறந்தபோது என்னால் வர முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து இப்போது வருகிறேன். அம்மா இல்லாத வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பேன்?

தங்கச்சி, நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். அம்மாவைக் குளிப்பாட்டியவர்கள், கடைசி இரவு பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்று கேட்டு வைத்துக்கொண்டு முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். வெற்றிலை பாக்கும் ஒரு புடவையும் தட்டில் வைத்துக் கொடுங்கள். அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டார், யாரைக் கேட்டார் என்று அவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு அங்கேயே அழுதுவிடுங்கள். பிறகு அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், தனியாக வேண்டாம்.

முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டையை அம்மா அரைத்த கல் எங்கே என்று கேளுங்கள். நடுவில் குழிந்திருக்கும். அதை யாரும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் அரைத்துப் பூசிக்கொள்ளுங்கள்.