சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம்

கேள்வி: திருச்சியிலிருந்து வந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிறு நகரில் குடியேறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. என் கணவரோடு வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள் தங்கள் மனைவியரோடு எங்களையும் சேர்த்து, ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இருக்கும் ‘சப்பர் கிளப்’ என்னும் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனார்கள். முன்பதிவு ஆறு மணிக்கு. ஆனால் ஏழு மணிவரை பாரிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே மேசைகள் காலியாக இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. நம் முகத்தைப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். நான் சைவம், மது தொடுவதில்லை. சுட்ட உருளைக்கிழங்கும் சாலடும்தான் சாப்பிட்டேன். கடைசியில் பில்லை மூன்றாகப் பிரித்ததில் எங்கள் பங்குக்கு 88 டாலர் வந்தது. பாரில் குடித்ததற்கு நண்பர்களே கொடுத்துவிட்டார்கள் என்று கணவர் சமாதானம் சொல்கிறார். வரும் நவம்பரில் அதே இடத்தில் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். போகலாமா, தட்டிக் கழித்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, போங்கள். பில்லைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் மனத்தை அதிகம் அறுப்பது அந்த ஒரு மணி நேரம்தான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

மேசை காலியாக இருந்தும் உங்களை அழைக்காதது அவமதிப்பு அன்று. சப்பர் கிளப்பில் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பாரில்தான் உட்காருவார்கள். உங்களோடு வந்த நான்கு பேரும் அதே ஒரு மணி நேரம் அங்கேதான் இருந்தார்கள். அவர்களில் எவரேனும் கடிகாரத்தைப் பார்த்தார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பழைய வழக்கத்தை விடாத பல இடங்களில் மெனுவைப் பாருக்கே கொண்டுவந்து கொடுத்து, யாருக்கு என்ன வேண்டும் என்று அங்கேயே எழுதிக்கொண்டு, மேசையில் சாலட் வைத்த பிறகுதான் உள்ளே கூப்பிடுவார்கள். நமக்குக் காத்திருப்பாகத் தெரியும் அந்த நேரம், அவர்களுக்கு அன்றைய மாலையின் பாதி. சொல்லப்போனால், நல்ல பாதி.

நானும் இதில் சறுக்கியதுண்டு. உங்கள் மாநிலத்து மில்வாக்கி நகரில் இருந்த நாட்களில் முதன்முறையாக இப்படி ஓர் இடத்துக்குப் போனபோது, அழைத்துப் போனவர்கள் பாரில் தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் விறுவிறுவென்று உள்ளே போய், ஆறு பேர் அமரும் மேசையில் தன்னந்தனியாக உட்கார்ந்து, வராத மெனுவுக்காகக் காத்திருந்தேன். பரிமாறும் அம்மாள் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, உங்கள் ஆட்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்களே என்று மிகவும் அன்பாகப் பாரைக் காட்டினார். எழுந்து போய்ச் சேர்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

கிளப் என்ற பெயரைப் பார்த்து, உறுப்பினர்களுக்கே உரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். கதவைத் திறந்து யாரும் போகலாம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பின், விஸ்கான்சினில் ஊர் எல்லைக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் குடும்பங்கள் நடத்தும் இத்தகைய உணவகங்கள் பெருகின. பல மைல் தொலைவிலிருந்து காரில் வருகிறவர்கள் சாப்பிட்டதும் எழுந்து போய்விட மாட்டார்கள் அல்லவா? ஒரே இடத்தில் குடித்து, பேசி, உண்டு, மறுபடியும் பேசி இரவைக் கழிக்கும் பழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. லேக் டெல்டன் என்ற ஊருக்கு அருகே, மிரர் ஏரிக்கரையில் 1953 முதல் இருக்கும் இஷ்னாலா என்ற சப்பர் கிளப்பில் பைன் மரங்கள் கட்டடத்துக்கு உள்ளிருந்து கூரையைத் துளைத்துக்கொண்டு வளர்ந்து நிற்கும். கோடைக்காலத்தில் அங்கே மேசைக்கு மணிக்கணக்கில் காத்திருக்கும் கூட்டத்தில் ஒருவர் முகமும் கடுகடுப்பாக இருக்காது.

பாரில் என்ன செய்வது என்பதுதான் மது அருந்தாதவரின் சங்கடம். விஸ்கான்சினின் பானம் பிராந்தி ஓல்ட் ஃபேஷன்ட். பிற மாநிலங்களில் விஸ்கியில் செய்வதை இவர்கள் பிராந்தியில் செய்கிறார்கள்: கண்ணாடிக் குவளையின் அடியில் ஒரு சர்க்கரைக் கட்டி, சில துளி பிட்டர்ஸ் என்னும் கசப்புச் சாறு, ஆரஞ்சுத் துண்டு, செர்ரி ஆகியவற்றைப் போட்டு நசுக்கி, பிராந்தியும் பனிக்கட்டியும் சேர்த்து, மேலே சோடா ஊற்றுவார்கள். ‘ஸ்வீட்டா, சவரா, பிரெஸ்ஸா’ என்று உங்கள் கணவரைக் கேட்டிருப்பார்கள். இனிப்பு சோடாவா, புளிப்பு சோடாவா, இனிப்புச் சோடாவும் வெறும் சோடாவும் பாதிக்குப் பாதியா என்பதுதான் அந்தக் கேள்வி. நீங்கள் ‘கிடி காக்டெய்ல்’ கேளுங்கள். சிவந்த கிரெனடின் சிரப்பில் எலுமிச்சைச் சுவையுள்ள சோடாவை ஊற்றி, செர்ரி போட்டுத் தருவார்கள். மது ஒரு துளியும் இராது. குழந்தைகளுக்கென்று ஏற்பட்டதுதான், ஆனாலும் பெரியவர்கள் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நேரம் நகராது என்பது என் அனுபவம்.

உணவு விஷயத்தில் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். பல இடங்களில் மேசைக்கு முதலில் ஒரு தட்டு வரும். பந்தியில் இலை போட்டதும் உப்பும் ஊறுகாயும் வைப்பதைப்போல, கேட்காமலே வரும் தட்டு அது: பனிக்கட்டியின் மேல் நீளவாக்கில் நறுக்கிய கேரட், செலரித் தண்டு, முள்ளங்கி, வெங்காயத்தாள், ஊறுகாய் வெள்ளரி, ஒரு சிறு கிண்ணத்தில் தடவிச் சாப்பிடும் சீஸ், பக்கத்தில் கண்ணாடித்தாள் சுற்றிய பிஸ்கட். சைவர்களுக்கு அதுவே பாதி விருந்து. சென்ற முறை அதைத் தள்ளி வைத்திருந்தீர்களானால் இம்முறை அருகில் இழுத்துக்கொள்ளுங்கள். சூப் என்று வருவதில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம்; சாலடின் மேல் பன்றி இறைச்சித் துணுக்குகளைத் தூவியிருக்கலாம்; பொரித்த எதுவும் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிந்திருக்கலாம். இவற்றை மேசையில் அனைவர் முன்னும் விசாரிப்பதைவிட, இரண்டு நாள் முன்னதாகக் கூட்டம் சேராத பிற்பகல் வேளையில் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. முன்பே தெரிந்தால் அவர்களே ஏதாவது செய்து தருவதும் உண்டு.

கிழமையும் முக்கியம். விருந்து எந்த நாள் என்று நீங்கள் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல், சனிக்கிழமை பிரைம் ரிப் என்பது அங்கே ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியேறிய கத்தோலிக்கர்களுக்கு அந்நாளில் வெள்ளிக்கிழமைதோறும் இறைச்சி விலக்காக இருந்தது. மீன் அந்தக் கணக்கில் சேராது. வெள்ளிக்கிழமை கவிச்சி கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்து நான் வியந்ததுண்டு. பிரைம் ரிப் என்பதோ பெரிய மாட்டிறைச்சித் துண்டம், வெட்டினால் உள்ளே சிவப்பாகவே இருக்கும். எதிர்த் தட்டில் அதைப் பார்க்கச் சகிக்காது என்றால், நாளை மாற்ற முடியுமா என்று இப்போதே கேளுங்கள். பிறந்தநாள்காரர் ஆசைப்படுவது அதற்குத்தான் என்றால் விட்டுவிடுங்கள்.

இனி பில். கணவர் சொன்னதை நீங்கள் சமாதானம் என்று ஒதுக்குகிறீர்கள். நான் அதைக் கணக்கில் சேர்ப்பேன். பாரில் ஒருவர் ஒரு சுற்றுக்குப் பணம் கொடுத்தால், அடுத்த சுற்று இன்னொருவருடையது என்பது அங்கே வழக்கம். இரண்டு நண்பர்கள் ஆளுக்கு ஒரு சுற்று கொடுத்திருந்தால், மூன்றாவது சுற்று உங்கள் வீட்டுக்காரரின் முறை; அது நடக்கவில்லை. ஆகவே 88 டாலரில் ஒரு பகுதி உங்கள் பக்கம் நின்றிருந்த கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிக்கு உங்கள் வருத்தம் நியாயமானதே. உருளைக்கிழங்கு சாப்பிட்டவர் மற்றவர்களின் இறைச்சி ஸ்டேக்குக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு உரிய நேரம் பில் வந்த பிறகு அன்று. மேசையில் உட்கார்ந்து உணவுக்குச் சொல்லும்போதே, எங்கள் இருவருக்கும் தனி பில் என்று பரிமாறுகிறவரிடம் கணவர் சொல்லட்டும். அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனி பில் கேட்பது சாதாரணம். நண்பர்கள் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். பிறந்தநாள்காரருடைய உணவை மற்ற இரு குடும்பங்களும் பகிர்ந்துகொள்வோம் என்று நீங்களே முன்வந்து சொன்னால், தனி பில் கேட்டது கஞ்சத்தனமாகவும் தெரியாது. இம்முறை பாரில் முதல் சுற்று உங்களுடையதாக இருக்கட்டும்.

டிப்ஸில் மட்டும் கை சுருக்க வேண்டாம். விஸ்கான்சினில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி 2.33 டாலர் கொடுத்தாலே போதும், மிச்சம் உங்களைப் போன்றவர்கள் மேசையில் வைக்கும் பணத்திலிருந்துதான் வர வேண்டும். 50 டாலர் சாப்பாட்டுக்கு 10 டாலர் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாரில் பானம் கலந்து கொடுப்பவருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும் பச்சை நிறத்தில், ஐஸ்கிரீம் போட்ட கிராஸ்ஹாப்பர் என்ற ஒன்றைச் சிறுபிள்ளைகள் சாப்பிடுவதைப்போல அனைவரும் சாப்பிடுவார்கள். புதினா வாசனையில் ஏமாந்துவிடாதீர்கள். அதிலும் மது உண்டு. வேண்டுமானால் மது சேர்க்காமல் கலந்து தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். திரும்பி வரும்போது காரை நீங்களே ஓட்டுங்கள். நவம்பரில் அந்தச் சாலைகளில் மான்கள் இருட்டியதும் சட்டென்று குறுக்கே பாயும். ஒன்று கடந்துவிட்டது என்று வேகமெடுக்காதீர்கள், பின்னாலேயே இரண்டாவது வரும்.