ஊர் திரும்புகிறவர்களுக்கு: அந்த ஒரு மாதக் கெடு

கேள்வி: அண்ணாச்சி, நெல்லை மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். அப்பா அம்மாவோடு முல்லைத்தீவுக்கே போய்விட யோசனை. அங்கே பொலிஸ் தொந்தரவு கொடுத்தால் யாரிடம் போவது? இப்போது எல்லாம் சீர்திருத்திவிட்டார்களாமே?

பதில்: சீர்திருத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, தங்கச்சி. பொலிஸாரின் நியமனத்தையும் ஒழுங்கு நடவடிக்கையையும் கவனிக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை 2001-இல் இலங்கை அரசியலமைப்பின் 17-ஆவது திருத்தம் கொண்டுவந்தது. 2010-இல் அதன் அதிகாரத்தைக் குறைத்தார்கள், 2015-இல் திருப்பிக் கொடுத்தார்கள், 2020-இல் மறுபடி பிடுங்கி, 2022-இல் மறுபடி கொடுத்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம், தடுப்புக் காவலின் உச்ச வரம்பை 18 மாதத்திலிருந்து 12 ஆக்கியது. அதை நிம்மதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது நாள் கணக்கை. அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். கொழும்புக்கு ஓடவும் சட்டத்தரணி பிடிக்கவும் அது போதாது. ஆனால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. இதைச் சொல்வது 1996-ஆம் ஆண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு. பலர் இதைத் தெரியாமலேயே உரிமையை இழக்கிறார்கள். கொடுத்த முறைப்பாட்டின் நகலையும் இலக்கத்தையும் வாங்காமல் வராதீர்கள்.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால் கையெழுத்து வேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழும் நிர்வாக மொழி. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அடித்தால் அது 1994-ஆம் ஆண்டுச் சித்திரவதைத் தடைச் சட்டப்படி குறைந்தது ஏழு ஆண்டுச் சிறைக்குரிய குற்றம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்யுங்கள். (ஸ்டேஷன் பயம் இந்தக் கரையிலும் உண்டு. சாத்தான்குளம் வழக்குக்கு 2020-இல் உயிர் கொடுத்தது, நீதித்துறை நடுவர் நேரில் போய்ப் பெண் தலைமைக் காவலரிடம் எழுதி வாங்கிய சாட்சியம்தான்.)

புறப்படும் முன் ஒன்று. அப்பா அம்மா போர்க்காலத்தில் படகில் வந்தவர்களா? 2025-இல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு முறையாகத் திரும்பிய முதியவர் ஒருவரையே, முன்பு அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். அதனால் இறங்கும் நாளையும் விமானத்தையும் அங்குள்ள ஒரு சட்டத்தரணிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அலுவலகம் உண்டு. அவசரத்துக்கு அதன் தொலைபேசி எண் 1996.