தாத்தாவின் அம்பாசடரை வெட்டலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் தாத்தாவின் 1968 அம்பாசடர் மார்க் 2 ஏழெட்டு வருடமாகத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. ஆர்.சி. புக் இருக்கிறது, எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. கூரையை நாலு அங்குலம் இறக்கி, பின்கதவுகளை அடைத்து, அமெரிக்க ஹாட் ராட் (வேகத்துக்காக வெட்டி மாற்றிய பழைய கார்) மாதிரி ஆக்கி ஈ.சி.ஆரில் ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. புதுச்சேரியில் ஒரு பட்டறையில் செய்து தருகிறேன் என்கிறார்கள். வெட்டலாமா?

பதில்: அந்த வண்டியை வெட்டாதீர்கள், தம்பி. ஹாட் ராட் ஆசையை விட வேண்டாம். அதற்கு வேறு பாடி பார்க்கலாம். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களோடு ஒத்துப்போகாத அளவுக்கு உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூரை ஒரு மாற்றம், கதவு இன்னொரு மாற்றம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 'செய்து தருகிறேன்' என்ற பட்டறைக்காரர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு உங்களோடு வரப்போவதில்லை.

நஷ்டம் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதித் திருத்தப்படி 50 வயதைக் கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்ட அதில் அனுமதி இல்லை. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும் எடுக்கலாம். நிபந்தனை, சேஸிலும் (அடிச்சட்டம்) பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். கூரையில் பிளேடு இறங்கிய அன்றே அந்தத் தகுதி போய்விடும், திரும்பி வராது.

இனி தகர வேலை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஹாட் ராட் பிறந்தது தெற்குக் கலிபோர்னியாவில். வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்த பையன்கள் எடைக்காக மட்கார்டைக் கழற்றினார்கள், காற்றுக்காகக் கூரையை இறக்கினார்கள். வேகத்தை அளந்து பதிவு செய்ய 1937-இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். அவர்கள் வெட்டிய வண்டிகளில் பெயர் பெற்றது 1932 ஃபோர்டு. அதன் வி8 எஞ்சின் 65 குதிரைத்திறன். அவர்களுக்கு அது கைக்கு எட்டிய விலையில் எங்கும் கிடைத்த செகண்ட் ஹேண்ட் வண்டி. வெட்டவும் வாகானது. அதற்குத் தனிச் சேஸ் உண்டு, பாடி மேலே போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடியெல்லாம் தட்டை, கூரையைத் தாங்கும் தூண்கள் ஏறக்குறைய நேர். நாலு அங்குலம் அறுத்து எடுத்தால் மேலும் கீழும் கிட்டத்தட்டப் பொருந்திவிடும்.

அம்பாசடருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. முன்தூண் பின்பக்கமாகச் சாய்ந்தது. அறுத்துக் கூரையை நேராக இறக்கினால் கீழ்த்தூணின் முனை முன்னாலும் மேல்தூண் பின்னாலும் நிற்கும். சேர்க்க வேண்டும் என்றால் கூரையையே குறுக்கே அறுத்து நடுவில் தகடு வைத்து நீட்ட வேண்டும். முன்கண்ணாடி வளைந்தது. சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியை அறுக்க முடியாது, கை வைத்தால் மொத்தமும் பொடியாகும். எல்லாவற்றுக்கும் மேல், அம்பாசடருக்குத் தனிச் சேஸே இல்லை. பாடிதான் சேஸ். கூரை, தூண்கள், கதவுக்குக் கீழே பெட்டியாக ஓடும் பகுதி, தரைத் தகடு எல்லாம் சேர்ந்துதான் வண்டியை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. பத்மினியாக வந்த ஃபியட்டும் இதே ஜாதிதான்.

பல வருடம் முன்பு என் பட்டறையிலேயே இப்படி ஒரு ஃபியட் கூரையை அறுத்தோம். உள்ளே முட்டுக் கொடுக்கவில்லை. சாயங்காலம் கதவு சாத்தியது. காலையில் வந்து பார்த்தால் கதவின் மேல் மூலை தூணைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. சுண்டுவிரல் போன இடைவெளியில் போஸ்ட் கார்டு போகவில்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி உள்ளுக்குள் துருவாகி இருந்திருக்கிறது. கூரை போனதும் நடுவில் தொய்ந்துவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கி மறுபடி நேராக்க எட்டு நாள் ஆனது. நம் பக்கத்து உப்புக் காற்றில் முதலில் போவது அந்தப் பெட்டிதான், வெளியே பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், பட்டி நிரப்பிய இடம் மொத்தென்று கேட்கும். துணி சுற்றிய காந்தத்தையும் வைத்துப் பாருங்கள், கனமாகப் பட்டி வைத்த இடத்தில் ஒட்டாது.

ஹாட் ராட் செய்தே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே உயிர் போன பாடியைக் காயலாங்கடையில் தேடுங்கள். நான் தேடச் சொல்வது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் செய்த வண்டி. தனிச் சேஸ் உண்டு, பாடி துண்டு துண்டாக போல்ட்டில் கழன்று வரும், முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு முன்னால் கவிழ்ந்து திறக்கும். பழைய வில்லிஸ் ஜீப்பும் ஆகும். முழுசாக, ஓடும் நிலையில் ஒரு ஹெரால்டு கிடைத்தால் அதையும் வெட்டாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள். பாதி பாடி, காகிதம் இல்லாதது, அதுதான் உங்களுக்கு வேண்டியது. அது ரோட்டுக்கு வராது. லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம், சொந்த நிலத்தில் ஓட்டலாம். இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் பணம் போடுங்கள்.

வேலை தொடங்கும்போது பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வண்டியை விட்டுத் தூரமாக வையுங்கள். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள். நிறைந்ததைவிட ஆவி நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும். அறுக்கும் முன் ஒரு அங்குலச் சதுர பைப்பை ஒவ்வொரு கதவு வாசலிலும் குறுக்காகவும், இடப்பக்கத் தூணிலிருந்து வலப்பக்கத் தூணுக்கும் வெல்டு வையுங்கள். மூலைக்கு மூலை அளந்து சாக்பீஸில் தரையிலேயே எழுதிவிடுங்கள். இந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. கோ2 வெல்டிங்கில் கோடு இழுத்தால் சூட்டில் அப்பளம் போல நெளியும். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, ஆறவிட்டு மறுபடி. பழைய டிங்கர் மாஸ்டர்கள் கேஸ் வெல்டிங்தான் கேட்பார்கள். அந்தத் தையல் மிருதுவானது, சுத்தியலால் தட்டிச் சமன் செய்யலாம். கேட்டால் விட்டுக்கொடுங்கள். பழைய பெயிண்டைக் கிரைண்டரில் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அதில் ஈயம் இருக்கும்.

தேய்த்த தகட்டை நம் ஊரில் ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் விடியும்போது செம்பட்டை பூத்திருக்கும். அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். பட்டி அதற்கு மேல்தான், வெறும் தகட்டில் வேண்டாம். பட்டி ஈரம் குடிக்கும்.

இனி தாத்தாவின் வண்டி. இந்த ஞாயிற்றுக்கிழமையே தார்ப்பாயை எடுங்கள். உப்பு ஈரத்தை அது உள்ளேயே பூட்டி வைக்கிறது. மேலே கூரை போட்டு, நாலு பக்கமும் காற்று போகிற மாதிரி நிறுத்துங்கள். உள்ளே விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டில் கை வைத்துப் பாருங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். எஞ்சின் கையால் சுற்றுகிறது என்பதற்காகப் பேட்டரி மாட்டிவிடாதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறட்டும். பிரேக்கில் வீல் சிலிண்டர் ரப்பர் அத்தனையும் மாற்றிய பிறகுதான் வண்டி நகர வேண்டும். நாலு வீலுக்கும் ஒரே லைன், ஒரு ரப்பர் விட்டால் நாலும் நிற்காது.