செராஸில் லைச்சி பூக்குமா?

கேள்வி: செராஸில் மூலை வீடு. பின்புறம் 20 அடிக்கு 15 அடி நிலம் இருக்கிறது. காயோடு நிற்கும் லைச்சிக் கன்றை 180 ரிங்கிட் சொல்கிறார்கள். 'குளிரையே தாங்கும் மரம், இங்கே தாராளமாக வரும்' என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். லைச்சி குளிரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பூப்பதற்கே அதற்குக் குளிர் வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. இரவு வெப்பம் பல வாரங்கள் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கிளை நுனியில் தளிருக்குப் பதில் பூங்கொத்து வரும். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரி. மரம் பச்சைப்பசேலென்று வளரும், பூக்காது. உரத்தை மாற்றினாலும் அடிமரத்தில் ஆணி அடித்தாலும் பலனில்லை.

கன்றில் தொங்கும் காய்தான் ஆளைப் பிடிக்கும் தூண்டில். குளிர்ப் பகுதியில் காய்க்கும் மரத்தின் கிளையில் பட்டையைச் சீவி, வேர்விட வைத்து வெட்டிய பதியனாக அது இருக்கலாம். அந்தக் காய் உதிர்ந்தால் அடுத்தது இல்லை. துரியான் ரகங்களுக்கு, முசாங் கிங்குக்கு டி197 என்பதுபோல, எண் போட்டுப் பதிவு செய்கிறோம். சாலையோரக் கன்றுக்கு 'இது என்ன ரகம்?' என்று கேட்க ஒரு அதிகாரி வருவதில்லை. வாங்குபவர்தான் ஏமாற வேண்டியிருக்கிறது.

அதே குடும்பத்து லோங்கானில் ஒரு விலக்கு உண்டு. வடதாய்லாந்து ரகங்கள் குளிர் கேட்கும். 'டயமண்ட் ரிவர்' என்ற ரகம் கேட்காது, சமவெளியிலேயே பூக்கும். பெயர் சொன்னால் போதாது. தண்டின் அடிப்பகுதியில் ஒட்டுத் தழும்பு தெரிய வேண்டும், அல்லது பதியனாக இருக்க வேண்டும். விதைக்கன்று தாயைப் போல வராது, காய்க்கவும் பல ஆண்டுகள் ஆகும். இன்னொன்று: 'பூ மருந்து' என்று வெள்ளைத் தூள் கொடுத்தால் தொடாதீர்கள். பொட்டாசியம் குளோரேட்டாக இருந்தால், சருகோடும் கந்தகத்தோடும் சேர்ந்து வெடிக்கக்கூடியது. 1999-இல் சியாங் மாய் பகுதியில் லோங்கான் ஆலை ஒன்றில் வெடித்து உயிர்கள் போயின. டயமண்ட் ரிவருக்கு அது தேவையே இல்லை.

உங்கள் இடத்துக்கு ஒரே மரம்தான். சுவரிலிருந்தும் கால்வாயிலிருந்தும் குறைந்தது 2 மீட்டர் தள்ளி நடுங்கள். களிமண்ணில் குழி தோண்டினால் நீர் தேங்கி வேர் அழுகும். அதனால் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண்மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். பதியனுக்கு ஆணிவேர் கிடையாது, மாலை இடிமழைக் காற்றில் சாயும். முதல் இரண்டு ஆண்டு முட்டுக் கொடுங்கள். சருகு மூடாக்கு அடிமரத்தைத் தொடாமல் ஒரு கையளவு விலகி இருக்கட்டும். அறுவடை முடிந்ததும் கிளைகளை வெட்டி 2.5 மீட்டருக்குள் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கொத்துக்கு வலைப்பை கட்ட எட்டாது, பழம் வௌவாலுக்குத்தான்.